ஆற்றுவாய் வெட்டிய மார்கழி

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண்தான் மனைவியின் வீட்டுக்குப் போவான். அப்படித்தான் அக்கா தங்கை மூவரை மணந்த நாங்கள் மூன்று பேரும் வாவிக்கரையில் ஒரே வளவுக்குள் வாழ்ந்தோம். மூத்த சகலன் வயல்காரர். நடுவில் உள்ளவர் மீன்காரர். நான் கடைசி, பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி, யுத்த காலம். மார்கழி பிறந்த முதற் கிழமையே மழை பிடித்துக்கொண்டது. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். மாரியில் அதற்கு வரும் தண்ணீர் கடலுக்குப் போக ஒரே வாய்தான். அந்த வாயைக் கடல் ஆண்டுதோறும் மணலால் அடைத்துவிடும். ஆறு நிரம்பியதும் ஊர் திரண்டு மணல்மேட்டில் சிறு வாய்க்காலாகக் கால் வெட்டிவிடும். மிச்சத்தைத் தண்ணீரே பார்த்துக்கொள்ளும்.

அந்த ஆண்டு மூத்தவரின் வயல்வெளியான வட்டை முழுவதும் நீருக்கடியில் போனது. இன்னும் சில நாட்கள் நின்றால் பயிர் அழுகிவிடும். அதை நம்பித்தான் அவர் மகளின் கல்யாணத்துக்குப் பங்குனியில் நாள் பார்த்திருந்தார்.

“வாயை வெட்டினாத்தான் என்ர பயிர் தப்பும்,” என்றார் சாப்பாட்டின்போது.

“இறால் இப்பதான் விரல் பருமன்,” என்றார் மீன்காரர். “இப்ப வெட்டினா எல்லாம் கடலுக்குப் போயிரும். மறுகா நான் என்னத்தப் பிடிக்கிற அண்ணன், உங்கட நெல்லயா?”

“நெல்லு இல்லாட்டி நீ இறாலை எதோட தின்னுவாய்?”

“ரெண்டு பேரும் வாய மூடிட்டுத் தின்னுங்க,” என்றார் மூத்தவரின் மனைவி. “அந்த வாயத் திறக்கிறதப் பிறகு பாப்பம்.”

ஆற்றுவாய்க்குப் பக்கத்தில் இராணுவ முகாம் இருந்தது. ஊரார் கச்சேரிக்கு, அரசாங்க அலுவலகத்துக்கு, அலைந்து அனுமதி வாங்கினார்கள். ஒரே ஒரு காலைப் பொழுது. மத்தியானத்துக்கு முன் எல்லாரும் திரும்பிவிட வேண்டும். நானும் மண்வெட்டியோடு போனேன். மீன்காரரும் வந்தார், வெறுங்கையோடு.

“பாக்கத்தான் வந்த நான்,” என்றார்.

அன்று காலை கடல் பெருகிக்கொண்டிருந்தது. கடல் வற்றும் நேரத்தில்தான் வாய் வெட்ட வேண்டும் என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். ஆனால் இன்னொரு தடவை அனுமதி கிடைக்கும் என்று யாரும் நம்பவில்லை. வெட்டினோம்.

“கடல் பாஸ் எடுக்கல்ல தம்பி,” என்று மீன்காரர் என்னிடம் சொன்னார். “அது தன்ர நேரத்துக்குத்தான் வரும்.”

கால் திறந்து தண்ணீர் ஓடத் தொடங்கியபோது மூத்தவர் சிரித்தார். சற்று நேரத்தில் அலைகள் அள்ளி வந்த மணல் அதே வாய்க்காலை நிரப்பிவிட்டது. நேரம் முடிந்தது என்று சிப்பாய்கள் கையைக் காட்டினார்கள். திரும்பி வரும் வழியில் மூத்தவர் பின்தங்கி நடந்தார். மீன்காரர் அவருடைய மண்வெட்டியை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

மழை விடவில்லை. மேற்கே குளங்கள் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தன. எங்கள் வாசல் படலைக் கட்டையில் நீர் ஏறிய அடையாளங்களைக் கரியால் கீறிவந்தேன். மூன்றாம் நாள் காலை, முந்தின நாள் கீறிய கோட்டுக்கு வெகு கீழே தண்ணீர் நின்றது. ஆறு தானே பெருகி, நாங்கள் பாதியில் விட்ட காலின் தாழ்வைப் பிடித்து, கடல் வற்றிய நேரம் பார்த்து உடைத்துக்கொண்டு போயிருந்தது.

யார் எந்தத் தெருவால் போகலாம் என்று ஆட்கள் சட்டம் போட்ட காலம் அது. அந்தச் சட்டம் எதுவும் ஆற்றுக்குத் தெரியாது. ஆனால் எங்கள் வளவின் மூன்று உலைகளும் அதன் கையில் இருந்தன. இந்த வாவி போன்ற களப்புகளைப் பற்றி நான் வாசித்தவையெல்லாம் அன்று சரியாக விளங்கின: வெள்ளம் வயலுக்கு வண்டல் தருகிறது, திறந்த வாயால் இறால் கடலுக்குப் போய் முட்டையிடுகிறது, அதே வாயால் குஞ்சுகள் கரையோரக் கண்டல் மர வேர்களுக்குள் வந்து வளர்கின்றன. வாய் என்றைக்கும் மூடிக் கிடந்தாலும் நாங்கள் இல்லை, என்றைக்கும் திறந்து கிடந்தாலும் இல்லை. எங்களுக்குப் பின் வருகிறவர்களுக்கும் அப்படித்தான்.

வட்டையின் பள்ளப் பக்கம் அழுகிப் போயிருந்தது. மேட்டுப் பயிர் சேறு பூசி, சாய்ந்து, உயிரோடு கிடந்தது. அடர்ந்த இடத்தில் பிடுங்கி வெறும் இடத்தில் நட்டால் பாதியாவது தேறும். கூலிக்கு ஆள் இல்லை. பயத்தில் பலர் ஊரை விட்டிருந்தார்கள்.

அடுத்த நாள் விடிந்ததும் மீன்காரர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் நின்றார்.

“ஆத்தில இறால் ஒண்டும் இல்ல அண்ணன். தைக்குப் பிறகுதான் புதுக் குஞ்சு வரும். அதுவரைக்கும் சோறு போடுவீங்களா?”

“நீ நடுற நடவப் பாத்திட்டுச் சொல்றன்,” என்றார் மூத்தவர்.

மீன்காரர் நட்ட வரிசை வலை இழுத்ததுபோல வளைந்து போனது. மூத்தவர் அதைப் பார்த்தார். திருத்தவில்லை. ஒரு பிடி நாற்றை எடுத்து அவருக்குப் பக்கத்தில் குனிந்தார்.

கல்யாணத்தைப் பங்குனியிலிருந்து ஆவணிக்குத் தள்ளிவைத்தார்கள்.