நாப்பத்தாறாம் ரூம் மணி

பேய் பிசாசு கதை சொல்ற ஆளப் பாத்தாலே எனக்கு சிரிப்பு வரும். முப்பது வருசமா கரண்டு வேலை செய்றவன் நான். விளக்கு அணைஞ்சா அதுக்கு ஒரு காரணம் இருக்கும், வயர் விட்டிருக்கும், இல்ல எலி கடிச்சிருக்கும், அவ்வளவுதான். அதனால இத நீங்க நம்பித்தான் ஆகணும்னு இல்ல, உங்க எடத்துல நான் இருந்தா நானும் நம்ப மாட்டேன். இன்னொன்னையும் மொதல்லயே சொல்லிடறேன், இது ராத்திரியில நடந்தது இல்ல, பட்டப்பகல்ல, சாப்பிட்டு முடிச்சு கண்ணு சொக்குற நேரத்துல. எனக்கு அப்ப பயம் கூட வரல. கடுப்புதான் வந்துச்சு, மாதா சத்தியமா அப்படி ஒரு கடுப்பு.

என் பேரு சவரி. லாயாங் லாயாங்னு ஒரு ஊரு, அது பக்கத்துல எஸ்டேட்ல பொறந்தவன், இப்ப மாசாய்ல வீடு. பதினேழு வருசம் சிங்கப்பூருக்குப் போயி வேலை பாத்தேன், காலையில மூனரைக்கு எந்திரிச்சு மோட்டார எடுத்துகிட்டு எல்லைப் பாலம் தாண்டிப் போவேன், திரும்பி வந்தா பிள்ளைங்க தூங்கியிருக்கும். என் மூத்த மக நடக்கப் பழகினத நான் போன்லதான் பாத்தேன். போதும்டா சாமின்னு அத விட்டுட்டு, எங்க எஸ்டேட்டு கூட்டாளி செல்வத்தோட சேந்து பாசிர் கூடாங் கப்பல் பட்டறையில கொண்ட்ரெக் வேலை எடுக்க ஆரம்பிச்சேன். எங்க பேர்ல கிடைச்ச மொத பெரிய வேலைதான் அந்தக் கப்பல். இதுல சொதப்பினா பட்டறையில வேற ஒருத்தனும் கூப்பிட மாட்டான், திரும்பவும் பாலந்தான். என் பொஞ்சாதி முன்னாடியே சொல்லிட்டா, மறுபடி சிங்கப்பூர் போறதா இருந்தா அலாரத்த நீங்களே வச்சிக்குங்க, என்னால முடியாதுன்னு.

கப்பலோட பேரு வேணாம், இன்னும் ஓடிகிட்டு இருக்கு. என்னைவிட வயசு கூட அதுக்கு. நம்புவீங்களோ என்னமோ, நாலு தடவ பேர மாத்தியிருக்காங்க, மூக்குப் பக்கம் பெயிண்டுக்கு அடியில பழைய எழுத்தெல்லாம் தழும்பாட்டம் தெரியும். மொதல்ல வெள்ளக்காரங்கள ஊரு விட்டு ஊரு குடியேத்திச்சாம், அப்புறம் ஹஜ்ஜுக்கு ஆள் ஏத்திச்சாம், இப்ப தீவு தீவா சுத்திக் காட்டுது. இதுக்குள்ள அந்த வயசு கப்பலெல்லாம் எப்பவோ வெட்டி இரும்பாக்கியிருப்பாங்க, இது மட்டும் விடாம ஆள ஏத்திகிட்டே இருக்கு. கொடுமை என்னன்னா, வந்த மொதலாளி ஒவ்வொருத்தனும் பழைய வயர கழட்டாம அதுக்கு மேலயே புது வயர இழுத்துட்டுப் போயிருக்கான். சீலிங்க தொறந்தா சோத்துல முடி கெடந்த மாதிரி அப்படி ஒரு எரிச்சல் வரும். எது எங்க போவுதுன்னு கேக்கலாம்னா ஆளில்ல. சீப் ஆபிசர் ஒரு பிலிப்பினோ, நல்ல மனுசன், நான் வந்தே ரெண்டு வருசந்தான்னு கைய விரிச்சிட்டான். ஆளுங்க மாறிகிட்டே இருக்காங்க, கப்பல் மட்டும் அப்படியே இருக்கு. அதோட முழுக் கதை தெரிஞ்சவன்னு ஒருத்தனும் கெடையாது.

எங்க வேலை தீ அலாரம் வயர மாத்துறது. ஆள் ஏத்துற கப்பலுக்கு அது சரியா இருந்தாதான் கப்பல சோதிக்க வர்ற சர்வேயர் கையெழுத்துப் போடுவாரு, கையெழுத்து இல்லாம கப்பல் நகர முடியாது. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கணும், சனிக்கிழமை பட்டறையில இது நிக்கிற எடத்துல வேற கப்பல் ஏறுது.

மேல்தளத்துல தண்ணி, காப்பி கலக்குற சின்ன ரூம் ஒன்னு, பாண்ட்ரிம்பாங்க. அந்தச் செவுத்துல மரத்துல செஞ்ச ஒரு பழைய போர்டு இருந்துச்சு. போன் எல்லாம் வர்றதுக்கு முந்தி, ரூம்ல இருக்கிறவங்க கட்டில் பக்கத்துல பட்டன அமுக்குவாங்க, இங்க மணி அடிக்கும், எந்த ரூம்னு காட்ட அந்த நம்பருக்கு மேல ஒரு சிவப்புச் சீட்டு விழும், வேலையாளு எந்திரிச்சுப் போயி என்ன வேணும்னு கேப்பான். பயணிங்க அதோட நின்னு படம் எடுத்துக்குறாங்கன்னு அழகுக்கு விட்டு வச்சிருந்தாங்க. அதுக்கு கரண்டே கெடையாது, கனெக்சன எந்தக் காலத்துலயோ எடுத்தாச்சு.

திங்கக்கிழமை ரெண்டேகாலுக்கு அது அடிச்சிச்சு. மூனு தடவ சின்னதா, அப்புறம் ஒரு தடவ நீளமா. நாப்பத்தாறுல சிவப்புச் சீட்டு விழுந்துச்சு. செல்வம் யாரோ வெளையாடுறாங்கன்னான். போயி பாத்தோம், அந்த ரூம்ல பழைய நாற்காலியா அடுக்கி வச்சிருக்கு, ஆளில்ல. சரின்னு வந்துட்டோம். செவ்வாக்கிழமை சர்வேயர் பாதி வேலைய பாக்க வந்திருந்தாரு, வயசான மலாய்க்காரரு, அவரு பக்கத்துல நிக்கும்போதே ரெண்டேகாலுக்கு அடிக்குது. இது என்ன சர்க்கிட்டுன்னாரு. கரண்டு இல்லாத போர்டுங்கன்னு நான் சொல்றேன், அது பாட்டுக்கு எனக்கு எதிர்லயே அடிக்குது. அவரு கண்ணாடிய கழட்டி தொடச்சுகிட்டே மலாய்ல பொறுமையா சொன்னாரு, ஆள் ஏத்துற கப்பல்ல எங்கேருந்து வருதுன்னு தெரியாத கரண்டு இருந்தா நான் எப்படி கையெழுத்துப் போடறது, கண்டுபிடிச்சுட்டு கூப்பிடுங்கன்னு.

அன்னைலேருந்து எனக்கு சோறு எறங்கல. மீட்டர வச்சு பாத்தா கரண்டு ஜீரோ. போர்டுக்குப் பின்னாடி வர்ற வயர வெட்டினேன், ரூம்ல பட்டனுக்குப் போற வயரையும் வெட்டினேன், பாண்ட்ரியில வெட்டின வயரோட ரெண்டு முனையையும் கையில பிடிச்சுகிட்டு நிக்கிறேன், புதன்கிழமை ரெண்டேகாலுக்கு டாண்ணு அடிக்குது. சுத்தியல தூக்கி அடிச்சு ஒடைக்கணும் போல இருந்துச்சு. கரண்டு இல்லாம மணி அடிக்காதுன்னு பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு கூட தெரியும்ங்க. எனக்கு இது அமானுஷ்யம்னு எல்லாம் தோணவே இல்ல, என் தொழில இது அவமானப்படுத்துதுன்னுதான் தோணுச்சு.

அன்னைக்கு அது ஒரு தடவையோட நிக்காம விட்டு விட்டு அடிக்கவும், செல்வத்த அந்த ரூமுக்குள்ள ஒக்கார வச்சு, கையில வாக்கிடாக்கி குடுத்து, நான் பாண்ட்ரியில நின்னேன். அவன் உள்ள இருந்த ஒரு மணி நேரமும் சத்தமே இல்ல. சரியாயிடுச்சுடா வான்னேன். அவன் கதவ தாண்டி வெளிய வந்தான், அடிச்சிச்சு. திரும்ப உள்ள போகச் சொன்னேன், நின்னுடுச்சு. நான் போயி பாத்தேன், எனக்கும் அதே கதைதான். வியாழக்கிழமை பொங்கூஸ் கட்டி, பொட்டலமா வாங்கிட்டு வந்த நாசி லெமாக் சோத்த ரெண்டு பேரும் அந்த ரூம்ல ஒக்காந்தே சாப்பிட்டோம், பாண்ட்ரியில ஒரு வாக்கிடாக்கிய அமுக்கி டேப் போட்டு வச்சிருந்தோம், ரெண்டேகால் தாண்டி மூனு வரைக்கும் அதுல கப்சிப்புனு இருந்துச்சு.

செல்வம் கேட்டான், "உள்ள ஆளு இருந்தா மட்டும் ஏன்டா அடிக்க மாட்டேங்குது?"

"பழைய பலகைடா, நம்ம வெயிட்டுக்கு அமுங்குது. எங்கயோ லூஸ் கனெக்சன், வேறென்ன."

எனக்கு அப்ப அவ்வளவுதான் புத்தி போச்சு. வெட்டின வயர்ல லூஸ் கனெக்சன் எப்படி வரும்னு அவன் திருப்பிக் கேட்டான். நான் அவன் மேல எரிஞ்சு விழுந்தேன். பாவம், அவன் இலைய சுருட்டிகிட்டு எந்திரிச்சுப் போயிட்டான்.

நானும் வெளிய வந்ததும் பழையபடி அடிச்சிச்சு. அன்னைக்கு சாயங்காலம் நான் ஒரு அசிங்கமான வேலை செஞ்சேன். போர்டுக்குள்ள கை வைக்கக் கூடாதுன்னு சீப் ஆபிசர் சொல்லியிருந்தான். அவன் இல்லாத நேரம் பாத்து பின்பக்கத்த தொறந்து, மணிய அடிக்கிற சுத்தியையும் அத இழுக்குற கம்பிச்சுருள் காயிலையும் கழட்டி என் பையில போட்டுகிட்டேன், நாப்பத்தாறு சீட்டு விழாம இருக்க ஒரு சொட்டு பசை தடவினேன். வெளியேருந்து பாத்தா ஒன்னும் தெரியாது. ரிப்போட்டுல பழைய வயர்ல லூஸ் கனெக்சன், வெட்டி எடுத்தாச்சுன்னு எழுதினேன். அது பொய்னு எனக்குத் தெரியும், ஆனா வேற என்னத்த எழுதறது.

வெள்ளிக்கிழமை சர்வேயர் பாண்ட்ரியில நாற்காலி போட்டு ரெண்டு மணிக்கே ஒக்காந்துட்டாரு. ரெண்டேகால் ஆச்சு, ரெண்டரை ஆச்சு, சத்தம் இல்ல. கையெழுத்துப் போட்டு என் தோள்ல தட்டிட்டு, மத்த வேலைய பாக்க இஞ்சின் ரூமுக்கு எறங்கிப் போனாரு. எனக்கு அப்படியே காத்துல மெதக்குற மாதிரி இருந்துச்சு, இனிமே பாலம் இல்ல, மூனரை மணி இல்ல. செல்வம் சாமான கீழ எறக்கிட்டான். என் டார்ச்லைட்ட நாப்பத்தாறுல விட்டது அப்பதான் ஞாபகம் வந்து அத எடுக்கப் போனேன்.

கதவத் தொறந்தேன். ரூம்ல சன்னல் வழியா நல்ல வெயிலு. கட்டில் தலமாட்டுல அந்த பட்டன், பித்தள வளையத்துக்கு நடுவுல மஞ்சளாப் போன வெள்ளை பட்டன், உள்ள போயி வெளிய வந்துகிட்டு இருந்துச்சு. நான் குடிக்கிறவன் இல்ல, கண்ணாடி போடறவனும் இல்ல. மூனு தடவ சின்னதா, ஒரு தடவ நீளமா. டிக் டிக்னு அந்தச் சத்தம் மட்டும். அந்த நீள அமுக்கல் வரும்போது விரலு அழுத்துற எடத்துல குழி விழுமே, அப்படி நல்லா உள்ள போயி நின்னுச்சு.

நான் ஒரு எட்டு உள்ள வச்சேன். பட்டன் வெளிய வந்து நின்னுடுச்சு.

ஒரு நிமிசம் இருக்கும், அதையே பாத்துகிட்டு நின்னேன், அசையல. சரி, வெயில்ல கண்ணு ஏமாத்திருச்சுன்னு எனக்கு நானே சொல்லிகிட்டு நாற்காலி மேலேருந்து டார்ச்ச எடுத்தேன். திரும்பி, ஒரு காலு வாசலுக்கு வெளிய வச்சிருப்பேன், முதுகுக்குப் பின்னாடி மறுபடியும் டிக் டிக் டிக் டிக்னு, இந்தத் தடவ எடைவெளியே இல்லாம, அவசர அவசரமா. நான் திரும்பிப் பாக்கல. சர்வேயர் இன்னும் கப்பல்லதான் இருந்தாரு, காயில் என் பையிலதான் இருந்துச்சு, போயி உண்மையச் சொல்லியிருக்கலாம். கதவச் சாத்திட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு ஓட்டிகிட்டுப் போறப்ப, மாசாய் சிக்னல்ல காடி நிக்கும்போதுதான் ஒறச்சிச்சு. வாரம் பூரா நாங்க உள்ள இருந்தப்ப அது அடிக்கல, பலகை, வெயிட்டுன்னு நான் என்னென்னமோ சொன்னேன். மணி அடிச்சு கூப்பிட்டவங்க, ஆளு வந்துட்டா எதுக்கு அடிக்கப் போறாங்க? நாங்க வந்தோம், உள்ள ஒக்காந்து சோறு தின்னோம், என்ன வேணும்னு மட்டும் ஒருத்தனும் கேக்கல. பச்ச விழுந்தது கூட தெரியாம நின்னேன், பின்னாடி ஹார்ன் அடிச்சாங்க.

சனிக்கிழமை கப்பல் போயிடுச்சு. எங்களுக்கு அதுக்கப்புறம் வேலை நெறைய வந்துச்சு, நான் இன்னும் பாலம் ஏறல. சீப் ஆபிசருக்கு ரெண்டு மூனு தடவ வாட்சப்புல எழுதினேன், அந்தக் காயில திருப்பி மாட்டிடுங்க, அனுப்பி வைக்கிறேன்னு. எழுதி எழுதி அழிச்சுட்டேன். அனுப்பினா நான் சர்வேயர ஏமாத்தினது தெரிஞ்சிடும், அதோட எங்க பேரு போயிடும். செல்வத்துகிட்ட கூட சொல்லல, உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்.

நீங்க கேப்பீங்க, மணியத்தான் கழட்டியாச்சே, அப்புறம் என்னன்னு. நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் மனச தேத்திகிட்டேன். ஆனா நான் அந்த ரூம்லயும் நின்னவன், பாண்ட்ரியிலயும் நின்னவன். நாப்பத்தாறுக்கும் பாண்ட்ரிக்கும் நடுவுல நீள வராந்தா, ரெண்டு இரும்புக் கதவு. பாண்ட்ரியில மணி அடிச்சா அந்த ரூமுக்குள்ள கேக்காது. எப்பவுமே கேட்டிருக்காது. அங்க இருந்து அமுக்குறவங்களுக்கு இந்தப் பக்கம் மணி இல்லன்னு தெரியாது, யாராவது வந்துகிட்டு இருப்பாங்கன்னுதான் நெனச்சுகிட்டு இருப்பாங்க.