அஷ்டமியில் நின்ற கப்பல்கள்

கொடைக்கானல் பஜாரில் உருளைக்கிழங்கு மண்டி வைத்திருந்த சேனாதிபதிக்கு, கோபம் இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது. யுத்த காலத்தில் கடற்படையில் இருந்தவர். அங்கே கூட இருந்த சிநேகிதன் நல்லசாமி, விடுப்பில் வீட்டுக்கு வந்துபோன பழக்கத்தில், இவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இவருடைய தங்கை சுந்தராம்பாளுக்குப் பழனி மலையில் வைத்துத் தாலி கட்டிவிட்டான். அத்தோடு பேச்சு அறுந்தது. அவர்கள் குடியிருந்த வத்தலக்குண்டு மண்ணை மிதிப்பதில்லை என்று இவர் சத்தியம் செய்துகொண்டார்.

தங்கைக்கு ஒரு பெண் பிறந்து வளர்ந்தும் காது குத்தவில்லை. தாய்மாமன் மடி வேண்டும். ஆள்மேல் ஆள் வந்து கேட்டார்கள். சேனாதிபதி எல்லாரையும் வாசலோடு விரட்டினார்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் நல்லசாமி பேரில் ஒரு கார்டு வந்தது. கடலூருக்கு எதிரே இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் மோதிய அந்தக் காலத்துச் சண்டையை, வரைபடத்தில் அட்டைக் கப்பல்களை நகர்த்தி இருவரும் விடுப்பில் ஆடுவதுண்டு. அதைத் தபாலில் ஆடலாம் என்று எழுதியிருந்தது. தான் தோற்றால் பஜார் நடுவில் வந்து காலில் விழுவதாம். சேனாதிபதி தோற்றால் மடியில் பிள்ளையை வைத்துக் காது குத்தவேண்டுமாம். பயல் காலில் விழுவதை நினைத்ததுமே இவருக்கு நாக்கில் எச்சில் ஊறியது. சம்மதித்துவிட்டார்.

கடலில் நின்ற இங்கிலீஷ் கப்பல்கள் இவருக்கு, கரையோரம் நின்ற பிரெஞ்சுக் கப்பல்கள் எதிராளிக்கு. கார்டில் விழும் தபால் முத்திரைதான் காற்று. இரட்டைப்படைத் தேதி என்றால் கடல்காற்று, இவர் பாயலாம். ஒற்றைப்படை என்றால் கரைக்காற்று, எதிராளி பாயலாம். பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, எந்த முத்திரை முந்துகிறதோ அதுவே செல்லும். மாதக்கணக்கில் இழுத்தது. கப்பல் நகர்வை விட வசவுதான் கார்டில் அதிகம். வருவதையெல்லாம் சாகுல் ஹமீதின் டீக்கடையில் சேனாதிபதி உரக்கப் படித்தார். பஜாருக்கே நல்ல பொழுதுபோக்கு.

ஒருநாள் வந்த கார்டில் எதிராளி காவல் கப்பல்களை விலக்கி, தெற்குப் பக்கத்தை அப்பட்டமாகத் திறந்து போட்டிருந்தான். பச்சைப்பிள்ளைகூடச் செய்யாத முட்டாள்தனம். சாகுல் ஹமீதுக்கே பொறுக்கவில்லை.

"இன்னைக்கு இரட்டைப்படைத் தேதிங்க. தபால் கட்டுறதுக்குள்ள வெரசா போட்டுருங்க."

தலைக்குமேல் சோலி கிடக்கிறது, நாளை மறுநாளும் இரட்டைப்படைதானே என்று சொல்லிவிட்டுச் சேனாதிபதி எழுந்து போனார். விஷயம் அதுவல்ல. பஞ்சாங்கம் பார்ப்பவனை ஊரறியக் கேலி செய்கிற மனிதர், அஷ்டமி நவமியில் ஒரு மூட்டையைக்கூடத் தராசில் ஏற்றமாட்டார். ஏதாவது சாக்கு வைத்திருப்பார். அன்றைக்கு அஷ்டமி.

தசமியன்று தாக்குதல் கார்டைப் போட்டுவிட்டு வரும்போதே வத்தலக்குண்டுக் கார்டு காத்திருந்தது. நவமித் தேதி முத்திரை, ஒற்றைப்படை. கரைக்காற்றில் பாய் விரித்து வந்த பிரெஞ்சுக் கப்பல்கள், நங்கூரம் போட்டு நின்ற இவருடைய கப்பல்களை வரிசையாகக் கொளுத்திவிட்டன. தோல்விதான், சந்தேகமே இல்லை. அந்த ஒரு கார்டை மட்டும் அவர் மனதுக்குள் படித்தார்.

நல்லசாமிக்கு இவ்வளவு துணிச்சல் ஏது? அஷ்டமியன்று இவர் அசையமாட்டார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? கூடப் படுத்து எழுந்தவனுக்கும் தெரியாத ரகசியம் அது. தெரிந்தவர்கள் இரண்டே பேர். அம்மா செத்துப்போனாள். இன்னொருத்தி, அவர்கள் ஆடும்போது காபி டம்ளரோடு நின்று வேடிக்கை பார்த்தவள்.

பஜாரே பந்தயத்தை அறியும், தப்ப வழியில்லை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வத்தலக்குண்டு போய் இறங்கினார். ஆசாரி ஊசியோடு தயாராக இருந்தார். நல்லசாமி மூலையில் தலைகுனிந்து நின்றான். சுந்தராம்பாள் வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"நீதான ஆடுன?" என்றார் சேனாதிபதி.

"ஆமா. கெஞ்சுனப்ப நீங்க வரல. அதான் தோக்கடிச்சுக் கூப்பிட்டேன். உக்காருங்க."

உட்கார்ந்தார். முன்பின் பார்த்திராத மாமன் மடியில் பிள்ளை திமிறியது. ஊசி ஏறியதும் அவர் கையை ரத்தம் வரக் கடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தங்கையை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னொரு காது இருக்குண்ணே" என்றாள் அவள்.