புக்கிட் புத்துஸ் இறக்கத்துக் கல்

எஞ்சின் நின்ற லாரியில் பிரேக் மிதி கல்லாக இறுகினால் பிரேக் செத்துவிட்டது என்றுதான் நான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையின் மிச்சமாக எங்கள் சமையலறைக் கதவுக்கு ஒரு கல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது என் மனைவி அதையும் தேய்த்துக் கழுவுகிறாள். தன் உயிரைக் காப்பாற்றிய கல் என்பது அவள் எண்ணம். அந்த நேரம் பார்த்து எனக்குக் கடையில் ஏதாவது வேலை வந்துவிடும்.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து ஆண்ட காலம். கோலா பிலா பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். பெட்ரோலை அளந்து கொடுத்தார்கள். மிச்சம் பிடிக்காத டிரைவர் கன்னத்தில் அறை வாங்குவான். அதனால் இறக்கம் வந்தால் எஞ்சினை அணைத்து, கியரை நீக்கி, சும்மா உருட்டிக்கொண்டு போவது எங்கள் எல்லோருக்கும் பழக்கம். என் கிழட்டு லாரி அதைப் பொருட்படுத்தாது. எஞ்சின் ஓடினாலும் நின்றாலும் அதன் பிரேக் ஒரே முரட்டுப் பிடிதான். அது படுத்துவிட்டதும், தோட்டத்து வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டு ஓடிய புது லாரியைக் கொடுத்தார்கள். தொட்டாலே நிற்கும். "பூ மாதிரி மிதி" என்று தொழிலாளர் லயம் முழுக்கப் பீற்றிக்கொண்டேன். அந்தப் பூவை எது பூக்க வைக்கிறது என்று மட்டும் யோசிக்கவில்லை.

மலேரியாவில் கிடந்த மனைவியைச் சிரம்பான் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த நாள். பின்னால் படுதாவுக்குள், மரவள்ளி மூட்டைகள் மேல் அவள் படுத்திருந்தாள். முன்னால் என் பக்கத்தில் மாமியார், ரப்பர் பால் வாளி சுமந்து உரமேறிய மனுஷி. புக்கிட் புத்துஸ் மலைப்பாதையில் ஏற்றம் முடிந்ததும் எஞ்சினை அணைத்தேன்.

"ஏன் மாப்ள, வண்டி நின்னு போச்சா?"

"நான்தான் நிறுத்துனேன் அத்தை. பெட்ரோல் மிச்சம்லா. இது நான் சொன்னா கேக்கும்."

முதல் வளைவில் மிதித்தேன், கேட்டது. இரண்டாவது வளைவில் அரைமனதாகக் கேட்டது. அடுத்த முறை மிதி கல்லாக நின்றது. வண்டி வேகமெடுத்தது. எட்டி எட்டி உதைத்தேன். கைப்பிரேக் இருந்தது, கியர் இருந்தது. என் நினைவுக்கு வந்தது முருகன் மட்டும். "பிரேக்கு போச்சு அத்தை, குதிங்க!" என்று கத்தினேன். கத்திவிட்டு, யார் குதிக்கிறார்கள் என்று பார்க்காமல் நான் குதித்தேன். பின்னால் எழுந்து உட்காரவே முடியாத ஒருத்தி படுத்திருக்கிறாள் என்பது சாலையோர லாலான் புல்லில் உருண்டுகொண்டிருந்தபோதுதான் உறைத்தது.

தலையைத் தூக்கினேன். லாரி அடுத்த வளைவுக்குச் சற்று முன்னால் நின்றிருந்தது. நொண்டிக்கொண்டே ஓடினேன். மாமியார் என் இடத்துக்கு நகர்ந்து, ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, முதுகை இருக்கையில் முட்டுக் கொடுத்து, இரண்டு காலாலும் மிதியை அழுத்திக்கொண்டிருந்தார். அன்றுவரை ஸ்டீயரிங்கைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்.

"நீங்க இதத்தானே மிதிச்சீங்க? நானும் மிதிச்சேன். மொதல்ல கல்லப் போடுங்க, காலு நடுங்குது."

கல் தேடிச் சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். படுதாவுக்குள்ளிருந்து மனைவியின் ஈனக்குரல்: "என்னம்மா, ஏன் நின்னுருச்சு?"

மாமியார் என்னைப் பார்த்தார். அதற்கு ஜப்பான்காரனிடம் நாலு அறை வாங்கியிருக்கலாம்.

"ஒண்ணுமில்லடி. பிரேக்கு புடிக்கல. மாப்ள குதிச்சு ஓடிக் கல்லப் போட்டு நிறுத்திட்டாரு."

கிளம்பும்போது அந்தக் கல்லைத் தூக்கி என் மடியில் வைத்தார். "அடுத்த தடவ இதையும் எடுத்துக்கிட்டுக் குதிங்க மாப்ள. நான் சொன்னது பொய்யாகக் கூடாது."

கொஞ்ச நாள் கழித்து, ஷெட்டில் யாருமில்லாதபோது எஞ்சினை அணைத்துவிட்டு மிதித்துப் பார்த்தேன். ஒன்று, இரண்டு பூவாக இறங்கியது, பிறகு கல். புது லாரியில் எஞ்சின் இழுக்கும் காற்றுதான் என் காலுக்குக் கைகொடுத்துக்கொண்டிருந்தது. எஞ்சின் நின்றபின் மிச்சமிருக்கும் இழுவை ஓரிரு மிதிக்குத்தான் வரும்.

மாமியார் போய்ச் சேரும்வரை தன் கதையை மாற்றவில்லை. போன வெள்ளிக்கிழமையும் மனைவி கல்லைக் கழுவி வைத்தாள். அது அன்று ஒன்றையும் நிறுத்தவில்லை. பிரேக்கும் போகவில்லை; மிதி கனத்துவிட்டது, அவ்வளவுதான். முழுப் பலத்தோடு மிதித்தால் நிற்கும். அவர் மிதித்தார். நான் குதித்தேன்.