தள்ளுகிற கை

இவருக்குப் பாரிசவாதம் வந்து பேச்சும் போய், வலப்பக்கமும் விழுந்துவிட்டது. மிஞ்சியது இடக்கை ஒன்றுதான். நான் கட்டிலுக்குக் கிட்டப் போனால் அந்தக் கையை விரித்து, நெஞ்சிலிருந்து என் பக்கமாகத் தள்ளுவார்.

எங்கள் பெண்களுக்குள் அதற்கு ஒரே அர்த்தம். வாசலில் பிற ஆண்கள் வந்திருந்தால், உள்ளேயிருந்து வருகிறவளுக்கு அப்படித்தான் காட்டுவோம்: வராதே, போ. நான் அதிகம் பேசாதவள். என் பேச்சில் பாதி கையாலும் கண்ணாலும்தான் நடந்தது. எனக்கு விளங்காமல் போகுமா? கஞ்சிக் கோப்பையை வைத்துவிட்டு அடுப்படியில் போய் நிற்பேன்.

"வாப்பாக்கு உங்கட முகம் அலுத்துப் போச்சு போல, உம்மா," என்று மகள் சிரித்தாள். பகிடிக்குத்தான் சொன்னாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை காலம் வாயால் சொல்லாததை இப்போது கையால் சொல்கிறாரோ? யா அல்லாஹ், இந்த வயதில் நான் எங்கே போவேன்?

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து, இவரோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்த கூட்டாளி பார்க்க வந்தார். நான் திரைக்குப் பின்னால் நின்றேன். அவருக்கும் இவர் அதே கையைக் காட்டினார். அவர் எழும்பிப் போகவில்லை.

"ராத்தா, எதையோ இளக்கச் சொல்றார். எதை இறுக்கி வெச்சிரிக்கிறீங்க?"

"போகச் சொல்றார் இல்லையா?" என் குரல் எனக்கே கேட்கவில்லை. மகள்தான் திருப்பிச் சொன்னாள்.

"போகச் சொல்றதா? நல்ல கதை! இஞ்சின் சத்தத்தில வாயால சொன்னா ஆருக்குக் கேக்கும்? கயித்த இளக்கு எண்டு கடல்ல நாங்க இப்பிடித்தான் காட்டுற."

இவர் உருண்டு விழாமலிருக்க, பழைய சாரித் துண்டால் இடுப்பைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தேன். கூட்டாளி படியிறங்கியதும் ஓடிப்போய் அவிழ்த்தேன். தோல் சிவந்து கிடந்தது. இவர் கண்ணை மூடிக்கொண்டார். அன்று பொழுது சாயும்வரை பக்கத்திலேயே இருந்தேன். கை எழவில்லை.

மறுநாள் காலை, கட்டு ஏதும் இல்லாமலே, மீண்டும் தள்ளினார். இடுப்பில் உடுத்தியிருந்த சாரனை இளக்கினேன். பெனியனைக் கழற்றினேன். தலையணையை எடுத்தேன், போர்வையை இழுத்துக் கீழே போட்டேன், ஜன்னலையும் திறந்துவிட்டேன். இன்னும் தள்ளுகிறார். அந்தக் கட்டிலில் இளக்குவதற்கு இனி ஒன்றுமில்லை.

அந்தக் கூட்டாளியைக் கூப்பிட்டுக் கேட்போமே என்கிறாள் மகள். வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டேன். இந்த முறை போகத்தான் சொல்கிறார் என்று அவரும் சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.