மூன்றாவது கிண்ணம்

டிப்போவில் அவரை ஹாரன் என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் வண்டி எடுக்கிற டிரைவர். இத்தனை வருஷத்தில் அவர் ஹாரன் அடித்து யாரும் கேட்டதில்லை என்பதால் வந்த பெயர். குறுக்கே ஆள் வந்தால் நிறுத்துவார், ஆள் போனதும் கிளம்புவார், அவ்வளவுதான். வாயும் அப்படியே. அவரோடு டியூட்டி விழுந்த கண்டக்டர்கள், "இன்னைக்கு ரேடியோ இல்லாத வண்டி" என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். அது அவர் காதிலும் விழும். அதற்கும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

வீட்டுக்கு வந்தாலும் பேச ஆள் கிடையாது. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் போர்வை, படுக்கை விரிப்பு வெளுக்கிற பிரிவில் மாலை ஷிஃப்ட். அவர் வருவதற்கு முன்னால் போய்விடுவாள். அவள் திரும்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். ஒரே மகன் செல்போன் கடையில் இருந்தான். கடை சாத்தின பிறகுதான் வருவான். புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதெல்லாம் அவர் வண்டியைத் திருப்புகிற இடத்தில் டீ குடிக்கிற நேரத்தில், போனில். மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் குடியிருந்தார்கள் என்பதற்கு அடுப்பின் மேல் இருந்த குண்டான் ஒன்றுதான் சாட்சி.

அந்தக் குண்டானில் சூப் இருக்கும். சூப் என்றதும் ஆஸ்பத்திரியில் கொடுக்கிற வெந்நீரை நினைத்துக்கொள்ளக் கூடாது. கோழி எலும்பைப் போட்டுக் கொதிக்கவிட்டு, நுரையை வழித்தெடுத்து, வெங்காயமும் பூண்டும் தட்டிய மிளகும் சேர்த்து, முந்தின நாளே ஊறப் போட்ட பார்லியையும் வெள்ளை பீன்ஸையும் கொட்டி, அது பாதி வெந்ததும் உருளைக்கிழங்கு, காரட், கடைசியில் முட்டைக்கோஸ் என்று அவள் பொறுமையாகச் செய்வாள். கரண்டியைச் செருகினால் விழாமல் நிற்கும். பக்கத்தில் ஒரு ரொட்டி. வேலைக்குப் போவதற்கு முன் அவள் ஒரு கிண்ணம், டியூட்டி முடிந்து வந்து அவர் ஒரு கிண்ணம், கடை சாத்திவிட்டு வந்து மகன் ஒரு கிண்ணம். குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவது என்று மற்றவர்கள் சொல்கிறார்களே, இந்த வீட்டில் அது மூன்று பந்தியாக நடந்தது.

செல்போன் கடை மூடப்பட்டு மகனுக்கு வேலை போனதும், இரண்டாவது பந்தியும் மூன்றாவது பந்தியும் ஒன்றாகிவிட்டன. அவர் வரும்போது மகன் வீட்டில் இருந்தான். இரண்டு கிண்ணம் எடுத்து வைத்தான். எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காரட்டை அவன் தொடவே மாட்டான். ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தின் ஓரத்தில் வரிசை கட்டுவான். குண்டானின் அடியை ரொட்டியால் வழித்துத் தின்பான். டிரைவர் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். உண்மையைச் சொன்னால் அவருக்கு அந்த வாரங்கள் பிடித்திருந்தன. எதிரே ஒரு முகம் இருந்தது. அதை அவனிடம் சொல்லியிருக்கலாம். சொல்கிற பழக்கம்தான் இல்லையே.

வாயே திறக்காத மனுஷன் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு மாலை வந்தது. அன்றைக்குத் திருப்பத்தில் ஒரு லாரி உரசிவிட்டது. தப்பு லாரிக்காரனுடையது, திட்டு இவருக்கு. மேலதிகாரி எல்லார் முன்னாலும் வைத்துக் கிழித்திருந்தார். அங்கே மென்று முழுங்கியதை வீட்டில் வந்து துப்பினார். மகன் இரண்டாவது கரண்டி போட்டுக்கொண்டான். அவர் சொன்னார்:

"இந்த வீட்ல சம்பாதிக்கிறது ரெண்டு பேர். சாப்பிடறது மூணு பேர்."

ரோஷம் வரட்டும் என்றுதான் சொன்னதாக அப்புறம் தனக்குத்தானே சமாதானம் செய்துகொண்டார். ரோஷம் வரத்தான் செய்தது. போட்ட கரண்டியை மகன் திரும்பக் குண்டானிலேயே கொட்டினான். உள்ளே போனான். ஒரு பையோடு வெளியே வந்தான்.

"இனிமே நான் இந்த வீட்ல கை நனைக்கலப்பா. ஏன் போனேன்னு அம்மா கேட்டா நீங்களே சொல்லுங்க. என் வாயால சொல்ல மாட்டேன்."

ஸ்பூனால் சூப் குடிக்கிறவன் கை நனைக்க மாட்டேன் என்றால் சிரிப்பு வர வேண்டும். டிரைவருக்கு, அம்மா கேட்டால் என்ற பேச்சுதான் காதில் நின்றது.

அதற்குக் காரணம் இருந்தது. அவர் மனைவி தாய் தகப்பன் இல்லாமல் சித்தப்பா வீட்டில் வளர்ந்தவள். அங்கே அவள் தட்டில் எத்தனை கரண்டி விழுகிறது என்று ஒரு கண் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்குமாம். கல்யாணமான புதிதில் அவள் அவரிடம் நகை கேட்கவில்லை, சினிமாவுக்குக் கூட்டிப் போகச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று சொன்னாள்: நம்ம வீட்டில் யாரும் யார் சாப்பாட்டையும் எண்ணக் கூடாது. அவரும் தலையை ஆட்டினார். அவள் இத்தனை வருஷம் வைத்த ஒரே நிபந்தனை அது. அதைத்தான் அவர் உடைத்திருந்தார்.

அவளிடம் சொல்ல முடியாது. சொல்லாமல் இருக்கவும் முடியாது. இரண்டொரு நாளில் பையன் கோபம் ஆறித் திரும்பி வந்துவிடுவான், அதுவரைக்கும் சமாளித்தால் போதும் என்று கணக்குப் போட்டார். சமாளிப்பது எப்படி? மூன்றாவது கிண்ணத்தையும் தானே சாப்பிடுவது.

தன் பங்கை முதலில் சாப்பிடுவார். கொஞ்சம் நடந்துவிட்டு வந்து மகனின் கிண்ணத்தை எடுப்பார். வயிறு முட்ட இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே தள்ளுவார். காரட்டை மட்டும் விட்டுவிடுவார். அவருக்குக் காரட் பிடிக்கும், ஆனாலும் பொறுக்கி ஓரத்தில் வரிசையாக வைப்பார். ரொட்டியை எடுத்துக் குண்டானின் அடியைச் சுற்றிச் சுற்றி வழிப்பார். எதிரே நாற்காலி காலியாக இருக்கும். அறுபதை நெருங்குகிற ஒரு மனுஷன், ஆளில்லாத அடுக்களையில், தன் மகனைப் போலச் சாப்பிட்டுப் பழகிக்கொண்டிருந்தார். அவன் இருந்தபோது இவ்வளவு கவனமாக அவனைப் பார்த்தோமா என்று யோசித்துப் பார்த்தார். பார்த்திருக்கத்தான் செய்தார், அதனால்தான் இப்போது செய்ய முடிகிறது. அந்த எண்ணம் வந்தபோது வாயிலிருந்த ரொட்டி இறங்கவில்லை.

போனில் மனைவியிடம், பையனுக்கு வேலை கிடைத்துவிட்டது, விடியற்காலையிலேயே போய்விடுகிறான், ராத்திரி வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுகிறான் என்று அளந்தார். அப்படியா என்றாள். சாப்பிடுகிறானா என்று கேட்டாள். நல்லா சாப்பிடறான் என்றார். பெற்றவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டோம் என்று அந்த மனுஷன் நம்பினார் பாருங்கள், அதை என்னவென்று சொல்வது. கூட வேலை செய்கிறவள் பிரசவ விடுப்பில் போயிருந்ததால் மனைவிக்கு வார விடுமுறையும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. அது வேறு அவருக்கு வசதியாகப் போயிற்று. அவர் இடுப்பு பெல்ட்டில் ஒரு ஓட்டை தள்ளிப் போட வேண்டியிருந்தது. டிப்போவில், ஹாரனுக்கு வீட்டில் கவனிப்பு பலம் என்று பேசிக்கொண்டார்கள்.

கடைசியில் அவளுக்கு ஒரு நாள் லீவு கிடைத்தது. அவர் வீட்டுக்கு வந்தபோது அடுக்களையில் விளக்கு எரிந்தது, அவள் இருந்தாள். பையன் வெளியூருக்கு ஏதோ சரக்கோடு போயிருக்கிறான் என்று வாசலிலேயே ஆரம்பித்தார். அவள் கேட்டுக்கொண்டாள். தனக்கு ஒரு கிண்ணம் ஊற்றினாள், அவருக்கு ஒரு கிண்ணம் ஊற்றினாள். பிறகு மூன்றாவது கிண்ணத்தையும் நிரப்பி அவர் முன்னாலேயே வைத்தாள்.

"இதையும் நீங்கதானே சாப்பிடறீங்க."

குட்டு உடைந்துவிட்டது. அவருக்கு முகம் வெளிறிப்போயிற்று. எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார்.

"முதல் நாளே தெரியும். அவன் கடைசியா சாப்பிட்டதும் குண்டான் நிறைய தண்ணி ஊத்தி வச்சிடுவான். பார்லி அடியில பிடிச்சிக்கும், ராத்திரி களைச்சு வந்து நான் தேய்க்கணுமேன்னு. பத்து வயசுலேர்ந்து அப்படித்தான். அன்னைக்கு வந்து பாக்கறேன், குண்டான் காஞ்சு கிடக்கு."

டிரைவர் குண்டானைப் பார்த்தார். மகன் சாப்பிட்ட பிறகு குழாய்ச் சத்தம் கேட்டிருக்கிறது. கை கழுவுகிறான் என்று நினைத்திருந்தார். காரட் தெரிந்தது, ரொட்டி தெரிந்தது, தண்ணீர் தெரியவில்லை. பிள்ளையை முழுக்கப் பார்த்து வைத்திருப்பதாக நினைத்திருந்தவருக்கு, அவன் அம்மாவுக்காகச் செய்த ஒரே ஒரு காரியம் கண்ணில் படவே இல்லை. அவராக இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தக் குண்டானில் தண்ணீர் ஊற்றியதில்லை.

மறுநாளே அவள் மகனுக்குப் போன் செய்திருந்தாளாம். குளிர்பதனக் கிடங்கில் கூட்டாளி பிடித்துக் கொடுத்த மூட்டை இறக்குகிற வேலை, கிடங்குக்குப் பின்னால் அவனோடு ஒரு அறை, அதுவரைக்கும் சொன்னான். ஏன் போனாய் என்றதற்கு, அப்பாவிடம் கேட்டுக்கொள் என்று வைத்துவிட்டான். அவள் கேட்கவில்லை. அவராகச் சொல்லட்டும் என்று தினமும் மூன்று பேருக்கு ஆக்கி வைத்துவிட்டு, தினமும் காய்ந்த குண்டானைத் தேய்த்தாள்.

"சொல்லுங்க. என்ன சொன்னீங்க அவனை?"

சொன்னார். இரண்டு பேர், மூன்று பேர் என்று அந்த வாக்கியத்தை அப்படியே சொன்னார். சொல்லும்போது அது அன்றைக்கு இருந்ததைவிட அசிங்கமாக இருந்தது. அவள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டாள். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருப்பதற்குப் பேர் போனவர். பேசாமல் இருப்பது எதிரில் உட்கார்ந்திருப்பவரை என்ன செய்யும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

"நான் கூப்பிட்டா அவன் வந்துடுவான்," என்றாள் கடைசியில். "அப்படி வர வேண்டாம். சொன்ன வாயாலயே போய் சொல்லிட்டு வாங்க."

மறுநாளிலிருந்து மகனின் பங்கு தூக்குவாளியில் ஏறியது. டியூட்டி முடிந்ததும் வீட்டுக்கு வந்து அதை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் பின்னால் இருந்த சந்துக்கு நடப்பார். முதல் நாள் கூட்டாளிதான் கதவைத் திறந்தான்; அவன் இல்லை அங்கிள் என்றான். வாளியைக் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த நாள் வேறு வாளியோடு போனபோது, முந்தின நாள் வாளி பளபளவென்று கழுவிக் கிடைத்தது. அவருக்கு மனசு குளிர்ந்தது. இப்படியே சில நாள் போயிற்று. மகன் மட்டும் கண்ணில் படவில்லை. ஒரு நாள் கூட்டாளி வாளியை நீட்டிக்கொண்டே, "அந்தக் காரட் இருக்கே அங்கிள், வாயில போட்டா கரையுது," என்று மனசாரப் பாராட்டினான்.

டிரைவர் வாளியோடு அப்படியே நின்றார். இரண்டு வாரமாக அவர் வீட்டில் செய்ததை இங்கே ஒருவன் செய்துகொண்டிருந்தான். அவன் மேல் கோபம்கூட வரவில்லை. கூப்பிட்டுத் திட்டுவதற்கு அவருக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அடுத்த நாள் போனபோது கதவு சாத்தியிருந்தது. படியில் ஒரே ஒரு ஜோடி ஷூ. இடது குதிகால் தேய்ந்த ஷூ. அது யாருடையது என்று அவருக்குத் தெரியும். தட்டினார். திறக்கவில்லை. உள்ளே கட்டில் கிறீச்சிடுவது கேட்டது. சந்தில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாள் வேடிக்கை பார்த்தாள். ஹாரன் என்று பேர் வாங்கிய மனுஷன் ஒரு தடவை அந்த அம்மாளைத் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் கதவைப் பார்த்துப் பேசினார்.

"நான் அன்னைக்கு சொன்னது தப்புப்பா. நீ எதிர்ல உக்காந்து சாப்பிட்டது எனக்குப் பிடிச்சிருந்தது. அதைச் சொல்லத் தெரியாம வேற எதையோ சொல்லிட்டேன்."

கதவு திறக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றார். அந்த அம்மாள் துணியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். வாளியை ஷூவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

மறுநாள் வண்டி ஓட்டும்போது முழுக்க அவருக்கு அந்தச் சந்துதான். போனபோது ஷூ இல்லை, கதவில் பூட்டு. நேற்றைய வாளி மட்டும் படியில், வைத்த இடத்திலேயே இருந்தது. அன்றைய வாளியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, குனிந்து அதைத் தூக்கினார். கனத்தது. நேற்று எவ்வளவு கனத்ததோ அதே கனம்.

தொடவே இல்லை என்று நினைத்தார். வாளியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தார். வழியில் தெரிந்தவர்கள் யாரோ கை காட்டினார்கள், அவர் பார்க்கவில்லை. கெட்டுப்போன சூப்பைக் கொட்டிவிட்டால் மனைவிக்குத் தெரியாது என்று ஒரு நினைப்பு ஓடியது. கொட்டுவதில்லை, இந்தத் தடவை உள்ளது உள்ளபடி அவளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டார்.

அடுக்களையில் யாரும் இல்லை. வாளியைத் தொட்டியில் வைத்து மூடியைத் திருகினார்.

விளிம்பு வரைக்கும் தண்ணீர். தெளிந்த தண்ணீர். அடியில், வட்ட வட்டமாக, ஒன்றுகூடக் குறையாமல் காரட்.

டிரைவர் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் நிறைந்துவிட்டது, யாரும் பார்க்கவில்லை என்பதால் துடைக்கவும் இல்லை. பிறகு ஒரே ஒரு கிண்ணம் எடுத்து, காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, தன் பங்கை மட்டும் சாப்பிட்டார். வாளித் தண்ணீரைக் கொட்டவில்லை. ராத்திரி அவள் வந்து பார்க்க வேண்டும். அதன் பக்கத்தில் குண்டானை வைத்து, அதிலும் நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் படுக்கப் போனார்.