கேட்காமல் வந்த ஐஸ்

எண்பதுகளின் கடைசி. பழவேற்காட்டில் படகுத்துறைக்குப் பக்கத்தில் இருந்த ஐஸ் ஃபேக்டரியில் எனக்கு வேலை. மெட்ராஸில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்த ஒரே பெண் என்பதால், முதலாளி ஆசைப்பட்டு வாங்கிய கம்ப்யூட்டரை என் தலையில் கட்டிவிட்டார். எங்கள் வாப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்குத்தான் அதோடு தினமும் மல்லுக்கட்டு.

எந்தக் குப்பத்துக்கு எத்தனை ஐஸ் பார் படகில் போக வேண்டும் என்று காலையில் அது அச்சடித்துக் கொடுக்கும். அதற்காக உள்ளே ஒரு சின்ன ஃபைல். ஐஸ் வேண்டாத ஊருக்கு மட்டும் அதில் ‘வேண்டாம்’ என்று எழுதிவைப்போம். எதுவும் எழுதாவிட்டால், அனுப்பு என்றே புரோகிராம் எடுத்துக்கொள்ளும். லைட்ஹவுஸ் குப்பம் மாதிரி பழைய ஊர்களுக்கு அந்த வரியே கிடையாது. தேவைப்படவில்லை.

அந்தக் குப்பத்தில் ஒரு பழக்கம். போன படகு கரை திரும்பும்வரை மீனைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். ஐஸ் கேட்பதும் அதில் சேர்த்தி. கேட்டால் வலை காலியாக வரும் என்று நம்பிக்கை. அதனால் ஐஸ் தானாகப் போகும். மீன் இல்லாத நாளில் எங்கள் படகோட்டி முணுமுணுத்துக்கொண்டே திருப்பிக் கொண்டுவருவார்.

இந்த நேரத்தில் முதலாளி ஏரிக்கரையில் புதிதாகச் சில ஊர்களைப் பிடித்தார். அவர்கள் சரி என்று சொல்வதற்கு முன்பே பெயரை ஏற்றச் சொன்னார். பெயர் ஏறியதும் ஐஸும் போய், வாங்க ஆளில்லாமல் உருகியது. உடனே புரோகிராம் எழுதிக்கொடுத்த மெட்ராஸ்காரரை வரவழைத்தார். அவர் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். இனி எதுவும் எழுதாவிட்டால் அனுப்பாதே என்று மாற்றிவிடலாமாம்.

அப்படியானால் முதலில் பழைய குப்பங்களுக்கெல்லாம் ‘அனுப்பு’ என்று எழுதிவிட்டு மாற்றுங்கள் என்றேன். அவர் சொத்தையே எழுதித் தரச் சொல்லிக் கேட்டதுபோல என்னைப் பார்த்தார். இத்தனை நாள் இல்லாத வரி இப்போது எதற்கு, வேண்டியவர்கள் கேட்கப்போகிறார்கள் என்றார். கேட்க மாட்டார்கள் என்று பழக்கத்தை எடுத்துச் சொன்னேன். மூடநம்பிக்கைக்கெல்லாம் புரோகிராம் எழுத முடியாது என்று சிரித்தார். முதலாளியும் கூடச் சேர்ந்து சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஃப்ளாப்பியை ஏரியில் வீசியிருப்பேன். நான் வீட்டுக்குப் போனபிறகு மெட்ராஸ்காரர் புரோகிராமை மாற்றிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் நான் போவதற்குள் படகுகள் கிளம்பியிருந்தன. அச்சடித்த தாளில் லைட்ஹவுஸ் குப்பம் இல்லை. முதலாளியிடம் ஓடினால், யாரும் வந்து கேட்கவில்லையே, ஒரு நாள் ஐஸ் போகாவிட்டால் குடியா முழுகிவிடும் என்றார்.

மத்தியானம், குப்பத்து இறாலை ஐஸில் வைத்து லாரிக்கு ஏற்றிவிடும் அக்கா ஒரு கூடையோடு வந்தார். கம்ப்யூட்டர் மேஜைமேலேயே வைத்துத் திறந்தார். இறால்களின் தலையெல்லாம் கறுத்துப்போய் நாற்றம். பல நாளாக வலையில் ஒன்றும் விழாமல், கடன் வாங்கிச் சோறு பொங்கிய குப்பம் அது. அன்றைக்குப் பார்த்துத்தான் படகு நிறைய இறால் வந்திருக்கிறது.

அவர் சண்டைக்கு வந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“நாங்க இன்னா தப்பு பண்ணோம் தங்கச்சி? மொதலாளிக்கு யார் மேல கோவம்?” என்றார்.

விடிந்ததிலிருந்து குப்பமே கரையில் உட்கார்ந்து, யார் என்ன பேசினோம், எதற்காக ஐஸை நிறுத்தினார்கள் என்று தங்களுக்குள் விசாரணை நடத்திக்கொண்டிருந்ததாம். சத்தம் கேட்டு வெளியே வந்த முதலாளி, வேண்டுமென்றால் சொல்லி அனுப்ப வேண்டியதுதானே என்று ஆரம்பித்தார்.

“வலை கடல்ல இருக்க சொல்லோ ஐஸ் கேட்டா கடலம்மா காதுல வுழாதா? நாங்க என்னிக்கு மொதலாளி கேட்டோம்? நீங்களாத்தான அனுப்புனீங்க.”

இருந்த ஐஸையெல்லாம் நானே படகில் ஏற்றச் சொன்னேன். முதலாளி தடுக்கவில்லை. பாதி இறால்தான் தப்பியது. கறுத்ததை மணலில் காயப்போட்டார்கள்.

மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டு, கிடைக்கும்வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னால், அந்த மனுஷன் சாவகாசமாக, “பழைய ஊருக்கெல்லாம் ‘அனுப்பு’னு ஒரு வரி சேர்த்துடுங்க மேடம், அவ்வளவுதானே” என்கிறார். இதைத்தானே ஐயா நான் நேற்று முழுக்கக் கத்தினேன். போனை வைத்துவிட்டு, ஒவ்வொரு பழைய குப்பத்துக்கும் அந்த வரியை நானே அடித்தேன். எழுதாவிட்டால் அனுப்பாதே என்ற அவருடைய புதிய விதி புதிய ஊர்களோடு நின்றுகொண்டது. மறுநாள் ஐஸ் போனது. யாரும் கேட்கவில்லை.

சில நாள் கழித்து அந்த அக்கா எனக்கு ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். அன்றைக்குக் காயப்போட்ட இறால். முதலாளியின் கோபத்தை நான்தான் தணித்தேனாம், அதற்கு. கோபமே இல்லை, கம்ப்யூட்டரில் ஒரு வரி மாறிவிட்டது என்று எவ்வளவோ விளக்கினேன். நம்பவே இல்லை. என் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஆபீஸில் எத்தனையோ கம்ப்யூட்டர் பார்த்துவிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லையே, மாற்றிவிடலாம் என்று எவராவது ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறுகிறது. ஏனென்றால் ஒன்றும் சொல்லாதவர்கள் என்றதும், தாங்கள் செய்யாத தப்பைத் தேடிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்த அந்தக் குப்பம்தான் என் கண்முன் வந்து நிற்கிறது.