வீட்டு மிருகம், காட்டு மிருகம்

ஈரம் காயாத சிமெந்துத் தரையில் வெண்கட்டி இழுபடும் ஓசை பல்லைக் கூசச் செய்யும். வாகரைப் பக்கத்து எங்கள் "நேசரி" பாலர் பள்ளியில் ரீச்சர் காலையில் முதல் வேலையாக இரண்டு பெரிய வட்டங்கள் கீறுவார், ஒன்று வீடு, மற்றது காடு. பிஸ்கட் பெட்டி மட்டையில் ஒட்டிய மிருகப் படங்களை நாங்கள் உரிய வட்டத்தில் வைக்க வேண்டும். பிழையாக வைத்தவர் அந்த வட்டத்துக்குள்ளேயே நின்று, தன் கையால் திருத்திய பிறகுதான் வெளியே வரலாம். ரீச்சர் அடிக்கமாட்டார், ஏசவும் மாட்டார். ஆனால் அந்த விதியில் மட்டும் இம்மியும் அசையமாட்டார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வரும்.

ஒரு நாள் எனக்கு யானை வந்தது. பசுவுக்கும் நாய்க்கும் நடுவில், வீட்டு வட்டத்தில் வைத்தேன்.

பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்கமாட்டார்களா என்ன, அவர்களின் வீடுகள் ரோட்டோரம் இருந்தன. யுத்தம் முடிந்து திரும்பிய எங்களுக்கோ காட்டோரத்தில் ஒரு "தகரக் கொட்டில்"தான் கிடைத்தது. பொழுது சாயும்போது யானை வரும். அம்மா கதவை இழுத்துச் சாத்திவிட்டு என்னை மடியோடு அமுக்கிக்கொள்வார். அது தகரத்தில் முதுகை உரசத் தொடங்கினால் நான் அழத் தொடங்குவேன். அம்மா எப்போதும் ஒன்றைத்தான் சொல்வார்: "அழாத புள்ள, அது நம்மட வீட்டு ஆனை. அப்பாவையும் ஒண்டும் செய்யாது." வாவியில் மீன்பிடித் தொழில் முடித்துவிட்டு அப்பா அந்த ஒற்றையடிப் பாதையால்தான் சைக்கிளில் வரவேண்டும். அவர் வந்துசேரும்வரை அந்தச் சொல்லைத்தான் நான் பிடித்துக்கொண்டிருப்பேன்.

ஆகவே வட்டத்துக்குள் நின்றேன். மற்றவர்கள் கஞ்சி குடித்தார்கள், விளையாடினார்கள், வீட்டுக்குப் போகப் பையோடு வரிசையில் நின்றார்கள். எனக்குக் கால் கடுத்தது. படத்தை அடுத்த வட்டத்தில் வைக்க ஓர் எட்டுப் போதும். ஆனால் வைத்தால், எங்கள் கதவுக்கு வெளியே நிற்பது காட்டு மிருகம் என்றாகிவிடும், அதற்கு முன்னால் அப்பா தனியாக வருகிறார் என்றாகிவிடும். ரீச்சர் பக்கத்தில் குந்தியிருந்து மெல்லக் கேட்டார்:

"வீட்டு மிருகமெண்டா நாம கட்டி வளக்கிறது புள்ள. நீங்க ஆனையக் கட்டியா வச்சிருக்கீங்க?"

இல்லை. கட்டிப்போட்டதுபோல உள்ளே கிடந்தது நாங்கள்தான். படத்தை எடுத்துக் காட்டில் வைத்தேன். ரீச்சர் கைதட்டி என்னை வெளியே விட்டார்.

அன்று மாலை யானை வந்தபோது அம்மா வழக்கம்போல அதையே சொன்னார். நான் அழாமல் "ஓம்" என்றேன். சொல்லும்போது அவர் கதவையே பார்த்துக்கொண்டிருப்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கவனித்தேன். பாதையில் அப்பாவின் சைக்கிள் சத்தம் கேட்கும்வரை நானும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்தக் காடு இல்லை. வெட்டி வெளியாக்கி மின்கம்பி வேலி அடித்துவிட்டார்கள். கொட்டில் நின்ற இடத்தில் கல்வீடு நிற்கிறது, யானை எந்தப் பக்கம் போனதோ தெரியாது. போன மாதம் பேச்சுவாக்கில் அம்மாவிடம், நீங்கள் சொன்னது பொய் என்று ஐந்து வயதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது என்றேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"தெரியும் புள்ள. நீ அழுறத விட்டிட்டாய்தானே," என்றார். "உனக்குச் சொல்லிச் சொல்லித்தான் நானும் அத நம்பி இருந்தன்."